உப்புக் காற்றில் பழைய ஹூவர்கள்

தமிழ்நாட்டு வீடுகளில் வாக்குவம் கிளீனர் விளக்குமாற்றின் இடத்தைப் பிடிக்காமற் போனதற்கு விலை ஒரு காரணமேயன்றி முதற்காரணம் அன்று, முதற்காரணம் தரை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் வட்டாரங்களில் பழைய வீடுகளுக்கு ரெட் ஆக்சைடு பூசிய சிவப்புத் தரையோ கடப்பைக் கல்லோ அமைந்தது. பின்னர் மொசைக்கும், அதன்பின் டைல்ஸும் வந்தன. இத்தகைய தரையில் பூந்துடைப்பமும் ஈரத்துணியும் செய்யும் வேலையை எந்த மின்பொறியும் அவற்றைவிடச் சிறப்பாகச் செய்துவிடுவதில்லை. சுவரிலிருந்து சுவர்வரை கம்பளம் விரித்து, காலணியோடு அதன்மேல் நடமாடும் நாடுகளிலேதான் இழைகளின் அடியில் புதைந்துபோகும் மண்ணை வெளியே கொண்டுவர ஒரு பொறி தேவைப்பட்டது. அத்தேவைக்கென்றே உருவானது 'அப்ரைட்' எனப்படும் வகை: மோட்டாரும், காற்றை இழுக்கும் விசிறியும், கம்பளத்தைத் தட்டிப் பெருக்கும் உருளைப் பிரஷ்ஷும் தரையை ஒட்டிய தலைப்பகுதியில் ஒருங்கே அமைய, அதிலிருந்து மேலெழும் நீண்ட கைப்பிடியில் துணிப்பை தொங்க, நின்றவாறே முன்னும் பின்னும் தள்ளிச் செல்லும் பொறி அது.

இப்பொறியின் பிறப்பு, அதைச் சேகரிப்பவர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும். 1901-இல் இங்கிலாந்தில் ஹூபர்ட் செசில் பூத் காப்புரிமை பெற்ற உறிஞ்சும் பொறி குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தப்பட்டு, நீண்ட குழாய்கள் வீட்டுச் சன்னல் வழியே உள்ளே விடப்பட்டு இயங்கியது. வீட்டுக்குள் ஒருவரே தள்ளிச் செல்லக்கூடிய வடிவத்தைத் தந்தவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் கடையொன்றில் துப்புரவுப் பணி செய்துவந்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்ளர். தூசியால் ஆஸ்துமா முற்றிய நிலையில், மின்விசிறி மோட்டார், துடைப்பக் கைப்பிடி, தலையணை உறை ஆகியவற்றை இணைத்து அவர் அமைத்த பொறிக்கு 1908-இல் காப்புரிமை கிடைத்தது. தோல் பொருள் செய்துவந்த வில்லியம் ஹூவர் அதை வாங்கி விற்கத் தொடங்கினார். பத்து நாள் இலவசமாக வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்ற அறிவிப்போடு தொடங்கிய அந்த வணிகம், பொறியை விற்பவர் வீட்டுக்கே வந்து இயக்கிக் காட்டும் முறைக்கு வழிவகுத்தது. 1926-இல் ஹூவர் 700 என்னும் மாதிரியில் பிரஷ் உருளையோடு உலோகத் தட்டுக்கட்டைகளும் சேர்க்கப்பட்டன. கம்பளத்தைக் காற்றால் சற்றே தூக்கிப் பிடித்து, அதிரும்படி தட்டி, உதிர்ந்ததை உறிஞ்சும் அந்த ஏற்பாடே இன்றுவரை அப்ரைட் வகையின் உயிர்நாடி.

செங்கல்பட்டுப் பக்கம் இவை வந்து சேர்ந்த வழிகள் பல. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல 1947-க்குப் பின் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தபோது, எடுத்துச் செல்ல இயலாத வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுச் சென்றன. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து திரும்பியோர் தம் வீட்டுப் பொருள்களோடு பிரிட்டனில் செய்த ஹூவர் ஜூனியர்களைக் கொண்டுவந்தனர். கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி மையம் 1971-இல் தொடங்கப்பட்டு நகரியம் வளர்ந்தபின், வெளிநாட்டுப் பயிற்சிக்குச் சென்று திரும்பியவர்களின் வீடுகளிலும் ஒன்றிரண்டு காணப்பட்டன. கோவளம் முதல் மாமல்லபுரம் வரை எழுந்த கடற்கரை விடுதிகள் நடைபாதைகளிலும் அறைகளிலும் கம்பளம் விரித்ததால், அவற்றுக்கு இப்பொறி பகட்டுப் பொருளாக அன்றி அன்றாடக் கருவியாகவே இருந்தது. விடுதிகள் கம்பளத்தை எடுத்துவிட்டுக் கல் தரைக்கு மாறிய காலத்தில் இப்பொறிகள் கழித்துக்கட்டும் பொருள்களின் பட்டியலில் சேர்ந்து, ஒப்பந்தக்காரர் வழியாகக் காயலான் கடைகளுக்குப் போயின. இன்று இவ்வட்டாரச் சேகரிப்புகளில் உள்ள நல்ல பொறிகளில் கணிசமானவை அவ்வழியில் வந்தவையே என்பது இக்கட்டுரையாளரின் அனுபவம்.

1982-இல் யுரேகா ஃபோர்ப்ஸ் தொடங்கப்பட்டு, அதன் விற்பனையாளர்கள் கழுத்துப் பட்டையும் பெட்டியுமாகக் கதவு கதவாகத் தட்டி யூரோகிளீன் பொறியை இயக்கிக் காட்டத் தொடங்கியபின், தமிழ்நாட்டில் வாக்குவம் கிளீனர் என்றாலே தரையில் கிடக்கும் உருளையும் அதிலிருந்து நீளும் குழாயும் என்ற எண்ணம் நிலைபெற்றது. மெத்தையின்மேல் வெள்ளைத் துணியை இட்டு உறிஞ்சி, அதில் படிந்த சாம்பல் நிறத் தூசியை இல்லத்தரசிக்குக் காட்டும் அந்த நிகழ்த்துதலைக் கண்டவர்கள் இன்றும் அதை நினைவுகூர்வர். குழாய் வகை நம் வீடுகளுக்குப் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. மெத்தை, திரைச்சீலை, அலமாரியின் மேற்பகுதி, மின்விசிறி இறக்கை ஆகியவற்றை அது எளிதில் எட்டும். ஆயினும் அதன் வரவால், பழைய அப்ரைட் பொறியை வைத்திருந்தோர் அது என்ன செய்வதற்கான கருவி என்பதையே மறந்தனர். கல் தரையில் தள்ளிப் பார்த்து, 'இழுக்கவே மாட்டேங்குது' என்று ஒதுக்கிய பொறிகள் பல. கம்பளத்தின்மேல் வைத்ததும் அவை தம் வேலையைக் குறையின்றிச் செய்தன.

வாங்கும் இடங்களைப் பொறுத்தமட்டில், சென்னை மூர் மார்க்கெட் 1985 மே மாதம் தீக்கிரையாகும்வரை அதுவே தலையாய இடம். அதன்பின் இவ்வட்டாரத்தாருக்குப் பல்லாவரத்தில் பழைய டிரங்க் சாலையில் கூடும் வெள்ளிக்கிழமைச் சந்தையே முதன்மையாயிற்று. பழைய தையல் பொறி, வால்வு ரேடியோ, கிராமபோன், தட்டச்சுப் பொறி, மீன்தொட்டி, புறா, செடி என யாவும் ஒரே வரிசையில் கிடக்கும் அச்சந்தையில் வாக்குவம் கிளீனர் என்ற பெயரோடு பொருள் கிடைப்பது அரிது. கைப்பிடி ஓரிடத்திலும் தலைப்பகுதி வேறோரிடத்திலும் கிடக்கும். பை பெரும்பாலும் இராது. விற்பவர் அதைப் புல்வெட்டும் பொறியென்றோ தரை பாலிஷ் போடும் பொறியென்றோ சொல்வதும் உண்டு. தைப்பொங்கலுக்கு முந்தைய போகியன்று வீடுகளில் கழிக்கப்படும் பொருள்கள் அடுத்த வெள்ளிக்கிழமைகளில் சந்தைக்கு வந்து சேர்வதால், தை மாதத்தின் முதற்பாதி தேடுவோருக்கு உகந்த காலம். மதியத்துக்குமேல் சென்றால் விலை குறையும் என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், நல்ல பொருளை விடியற்காலையில் மொத்தமாக எடுத்துச் செல்பவர்கள் அதற்குள் போய்விட்டிருப்பார்கள்.

விலை எவ்வாறு அமைகிறது என்பதை வாங்குபவர் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். சந்தையில் சேகரிப்பாளருக்குப் போட்டி மற்றொரு சேகரிப்பாளர் அல்லர். பொறியை உடைத்து உலோகமாக விற்பவரே போட்டியாளர். ஹூவரின் தலைப்பகுதி அலுமினிய வார்ப்பு. உள்ளே உள்ள மோட்டாரில் செம்புக் கம்பி. 2005-ஐ ஒட்டி உலகச் சந்தையில் செம்பின் விலை கடுமையாக ஏறத் தொடங்கியபோது, அதுவரை ஆண்டுக்கணக்கில் கடை மூலையில் கிடந்த மோட்டார்கள் சில மாதங்களுக்குள் காணாமற் போயின. ஒரு பொறியின் மிகக் குறைந்த விலை அதன் எடைக்கு உடைப்பவர் தரும் தொகையே. அதற்குமேல் எவ்வளவு தருவது என்பதுதான் பேரம். இதை உணர்ந்தவர் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்: இன்ன வடிவப் பொருள் வந்தால் உடைக்க வேண்டாம், எடை விலைக்கு மேல் தருகிறோம் என்று. இக்கட்டுரையாளர் அறிந்தவரை, பேரத் திறமையால் கிடைத்த பொறிகளைவிட இவ்வாறு சொல்லிவைத்ததால் தப்பிய பொறிகள் மிகுதி.

சந்தையில் மின் இணைப்பு இராது. ஆகவே கண்ணாலும் கையாலும் மூக்காலுமே பொறியைச் சோதிக்க வேண்டியிருக்கும். விற்பவர், 'ஓடும் சார், ஒயர் மட்டும் மாத்திக்கோங்க' என்று சொல்வது வழக்கம். அதை நம்புவதும் நம்பாததும் வேண்டாதவை, ஏனெனில் அவரிடமும் சோதித்துப் பார்க்க வழியில்லை. முதலில் பொறியைக் கவிழ்த்துப் பிரஷ் உருளையைக் கையால் சுழற்ற வேண்டும். தலைமுடியும் நூலும் சுற்றி இறுகியிருப்பின் அது குறையன்று, சீவி எடுத்துவிடலாம், ஆனால் உருளையின் இருமுனைப் பேரிங்குகள் துருவால் பிடித்திருந்தால் வேலை கூடும். அடுத்து, பெல்ட் மாட்டும் தண்டினை விரலால் திருப்ப வேண்டும். அது மோட்டாரின் அச்சே ஆதலால், தடங்கலின்றிச் சுழன்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உராயவில்லை என்பது தெரியும். பெல்ட் அறை வழியே விரலை விட்டு விசிறியின் இறக்கைகளைத் தொட்டுப் பார்ப்பது மூன்றாவது. ஓர் இறக்கை உடைந்திருந்தாலும் பொறி அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். இறுதியாகக் காற்று வெளியேறும் துளைகளை முகர்ந்து பார்க்க வேண்டும். எரிந்த வார்னிஷ் வாசனை பல ஆண்டுகள் ஆனாலும் போகாது. அவ்வாசனை உள்ள பொறியைக் காயில் கட்டும் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும். வண்ணப்பூச்சின் பளபளப்பையும் முகப்பு விளக்கின் கண்ணாடியையும் பார்த்து வாங்குவோர் இவற்றில் எதையும் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே பிளக்கில் செருகுவது கூடாது. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒயரின் ரப்பர் உறை வெயிலாலும் வெப்பத்தாலும் காய்ந்து, வளைத்தால் பொடியாக உதிரும். மேலே நூலுறை நன்றாக இருப்பதால் உள்ளே செம்பு வெறுமையாய் நிற்பது தெரியாது. எனவே ஒயரை மாற்றுவதே முதல் வேலை. அவ்வாறு மாற்றும்போது நிறங்களை நம்புவதில் பெரும் ஆபத்து உண்டு. பழைய பிரிட்டிஷ் பொறிகளில் சிவப்பு மின்னோட்டம் வரும் கம்பி, கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். இவ்வழக்கமே நம் நாட்டிலும் நிலவியதால் இங்குள்ள எலக்ட்ரீஷியனுக்குக் குழப்பமில்லை. அமெரிக்கப் பொறியிலோ கறுப்புதான் மின்னோட்டக் கம்பி, வெள்ளை நியூட்ரல். 1965-க்கு முந்தைய ஜெர்மானியப் பொறிகளில் சிவப்புக் கம்பி எர்த்துக்கு, அதாவது பொறியின் உலோக உடலுக்கு, இணைக்கப்பட்டிருக்கும். நம் வழக்கப்படி அதில் மின்னோட்டத்தைக் கொடுத்தால் கைப்பிடி முழுவதும் மின்சாரம் பாயும். ஆகையால் எந்தக் கம்பி எங்கே போய் முடிகிறது என்பதை மீட்டரால் சோதித்து எழுதிவைத்துக்கொண்ட பிறகே இணைக்க வேண்டும்.

எர்த் கம்பியே இல்லாமல் இரண்டு கம்பிகளோடு வந்த உலோக உடல் பொறிகளும் பல. மரத்தரையும் கம்பளமும் உள்ள குளிர்நாட்டில் அது ஓரளவு பொறுத்துக்கொள்ளப்பட்டது. வியர்த்த உடலோடு, வெறுங்காலில், ஈரம் காயாத சிமெண்டுத் தரையில் நிற்பவருக்கு அது உயிருக்கே கேடு. இத்தகைய பொறிக்கு மூன்று கம்பி ஒயர் இட்டு உடலை எர்த் செய்வதையும், வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கருவி இருப்பதையும் கட்டாயமாகக் கொள்ள வேண்டும். பொறியின் அசல்தன்மை கெடுகிறது என்று இதற்கு மறுப்புச் சொல்லும் சேகரிப்பாளர்கள் உண்டு. அவர்கள் பொறியை ஓட்டுவதில்லை என்பதே அம்மறுப்புக்கு இடம் தருகிறது. பிளக் விஷயத்தில் நமக்கு ஒரு நன்மையும் வாய்த்தது. பிரிட்டன் 1947-க்குப் பின் படிப்படியாகச் சதுரக் கால் பிளக்குக்கு மாறிவிட, இந்தியா அதற்கு முந்தைய பிரிட்டிஷ் வட்டக் கால் முறையையே தொடர்ந்ததால், 1930-களின் பிளக்கோடு வரும் ஹூவர் அங்குள்ள வீடுகளில் செருக இடமின்றி நிற்க, செங்கல்பட்டு வீட்டில் பொருந்திவிடும். மின்னழுத்தமும் ஏறத்தாழ ஒன்றே. அமெரிக்கப் பொறிகளுக்கு மட்டும் 230 வோல்ட்டை 110 அல்லது 120 ஆக இறக்கித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதன் திறன் பொறியின் வாட் அளவைப்போல் இருமடங்காவது இருந்தால்தான் தொடக்க இழுப்பைத் தாங்கும்.

முதன்முறை இயக்குவதற்கு இத்தொழிலில் உள்ளோர் கையாளும் முறை சீரிஸ் பல்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பொறியோடு தொடராக இணைத்துவிட்டால், உள்ளே ஷார்ட் இருப்பின் பல்பு முழு ஒளியோடு எரியுமேயன்றிப் பொறிக்கு மேலும் சேதம் நேராது. ஒளி சற்று மங்கி மோட்டார் மெல்லச் சுழன்றால் சுருள்கள் உயிரோடிருக்கின்றன என்று கொள்ளலாம். எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் குண்டு பல்பு கடைகளில் அரிதாகிவிட்டமையால், பழுதுபார்ப்போர் கிடைக்கும்போதெல்லாம் இரண்டொன்று வாங்கிப் பத்திரப்படுத்துகின்றனர். இதற்கும் முன்பாக மெக்கர் என்னும் கருவியால் சுருளுக்கும் உடலுக்கும் இடையேயான காப்பின் வலுவை அளப்பது இக்கடற்கரையில் தவிர்க்க முடியாதது. நெடுங்காலம் ஓடாது கிடந்த மோட்டார் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியிருக்கும். அளவு குறைவாக வந்தால் அதைப் பழுது என்று முடிவுகட்டாமல், இரண்டு மூன்று நாள் இளவெயிலிலோ 60 வாட் பல்பு எரியும் மூடிய பெட்டிக்குள்ளோ வைத்து உலர்த்தி மறுபடி அளந்தால், பெரும்பாலானவை தேறிவிடும்.

பழுதுபார்க்க யாரிடம் கொண்டுசெல்வது என்ற கேள்விக்கு இக்கட்டுரையாளரின் விடை, தெருமுனையிலுள்ள மிக்சி ரிப்பேர் கடை. ஹூவரின் மோட்டாரும் சுமீத், பிரீத்தி மிக்சிகளின் மோட்டாரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த யுனிவர்சல் மோட்டார்கள். அதாவது சுழலும் ஆர்மேச்சரும் அதைச் சூழ்ந்த ஃபீல்டு காயிலும் தொடராக இணைந்து, ஏ.சி., டி.சி. இரண்டிலும் இயங்குபவை. ஆர்மேச்சரின் முனையிலுள்ள செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டரை இரு கார்பன் பிரஷ்கள் உராய்ந்தவாறே மின்சாரத்தைச் செலுத்துகின்றன. நாள்தோறும் தோசைமாவும் தேங்காயும் அரைத்துத் தேயும் மிக்சிகளைச் சரிசெய்த கைகளுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கம்பெனி சேவை மையங்களில் 'பார்ட்ஸ் வராது' என்று திருப்பியனுப்பப்பட்ட பொறிகள், மிக்சிக்கான கார்பன் பிரஷ்ஷை அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து பொருத்திய ஒரே காரணத்தால் மீண்டும் ஓடியிருக்கின்றன. தேய்க்கும்போது ஒன்றைக் கவனித்தல் வேண்டும்: கார்பன் தன் கூட்டுக்குள் தானே வழுக்கி இறங்க வேண்டும், இறுகினால் தீப்பொறி பறக்கும், தளர்ந்தால் நடுங்கும். கம்யூட்டேட்டரின் பட்டைகளுக்கிடையே உள்ள அபிரகத் தகடு செம்பைவிட மேலே நின்றால், உடைந்த ஹாக்சா பிளேடால் அதை மெல்லக் கீறி இறக்குவது பழைய தொழிலாளர்களின் முறை. எமரித் தாள் அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் விலக்கப்பட்டு, மெல்லிய மணல் தாளே பயன்படுத்தப்படும்.

ஆர்மேச்சரையே கட்ட வேண்டிய நிலை வந்தால் வழி சிரமமானது. முன்பு செங்கல்பட்டு, தாம்பரம் கடைத்தெருக்களில் ஆர்மேச்சர் கட்டுவோர் எளிதில் கிடைத்தனர்; பழைய சுருளைப் பிரிக்கும்போதே எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி, எந்தப் பட்டையில் முடிகிறது என்பதை நோட்டில் குறித்துக்கொண்டு, அதே வரிசையில் திரும்பக் கட்டி, வார்னிஷில் முக்கிச் சூட்டில் வைத்துத் தருவர். மிக்சி ஆர்மேச்சர் சீன வரவால் மலிந்து, கட்டும் கூலி புதியதன் விலையை நெருங்கியபோது அத்தொழில் தேய்ந்தது. இன்று எஞ்சியிருப்போர் கிணற்று மோட்டாரும் சப்மெர்சிபிளும் கட்டுபவர்கள்; சிறிய ஆர்மேச்சரின் மெல்லிய கம்பியைக் கையாளும் பொறுமை உள்ளவர் அவர்களுள் ஒருசிலரே. அவர்களுடைய நோட்டுகள் யாரிடமும் போய்ச் சேராமல் கடையோடு மறைவது இத்துறையின் பெரிய இழப்பு. பழைய பொறிகளின் மறைவைவிட அது வருத்தத்துக்குரியது.

மணலும் உப்பும் இவ்வட்டாரத்துக்கே உரிய சிக்கல்கள். மரபான அப்ரைட் பொறியில் உறிஞ்சப்படும் யாவும் முதலில் விசிறியின் ஊடே சென்று, பிறகே பைக்குப் போகின்றன. குழாய் வகையில் பை முன்னும் விசிறி பின்னுமாக அமைவதால், தூசி வடிகட்டப்பட்ட காற்று மட்டுமே விசிறியை அடைகிறது. முன்னதன் நன்மை, காற்றுப்பாதை மிகக் குறுகியதாதலால் குறைந்த வாட் மோட்டாரே நிறையக் காற்றை இழுக்கும் என்பது. தீமையோ, கல்லோ ஆணியோ புகுந்தால் நேரே இறக்கையைத் தாக்கும் என்பது. கம்பளத்தின் மென்தூசிக்கு இது பொருந்தும். தேவனேரி, சட்ராஸ் பகுதிக் கடலோர வீடுகளில் காற்றோடும் காலோடும் வந்து சேரும் பருமணலுக்குப் பொருந்தாது. அத்தகைய வீட்டில் ஓராண்டு ஓடிய பொறியொன்றின் அலுமினிய விசிறியைக் கழற்றியபோது, இறக்கைகளின் முன்விளிம்பு கத்தி தீட்டியதுபோல் மெலிந்து, சில இடங்களில் துளை விழுந்திருந்தது. திருமண மண்டபத்தின் சிவப்புக் கம்பளத்தில் அட்சதை அரிசி இறைந்திருக்க, அதை அப்படியே பொறியால் எடுக்க முயன்றோரும் உண்டு. அரிசி விசிறியில் பட்டுத் தெறிக்கும் ஓசை மண்டபம் முழுதும் கேட்கும். மணலையும் மணியையும் துடைப்பத்தால் கூட்டி எடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாததை மட்டும் பொறிக்கு விடுவதே இங்கு செல்லுபடியாகும் முறை.

உப்பைப் பொறுத்தவரை 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய வாரங்களே பெரும் பாடமாயின. கோவளம் முதல் கல்பாக்கம் வரையிலான கரையோர வீடுகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் கடல்நீரில் மூழ்கிய மிக்சிகள், மின்விசிறிகள், பம்புசெட்டுகள் குவிந்தன. அவற்றிடையே வாக்குவம் கிளீனர்களும் இருந்தன. வெயிலில் காயவைத்து ஓட்டிப் பார்த்துச் சரியாயிற்று என்று கொண்டுபோனவை சில மாதங்களுக்குள் திரும்ப வந்தன. கொண்டுவந்த அன்றே திறந்து நல்ல நீரில் பலமுறை அலசி, பின் உலர்த்தி, வார்னிஷ் இட்டவை நெடுநாள் ஓடின. ஈரத்தை நீரால் கழுவுவதா என்று உரிமையாளர்கள் திகைத்தனர். ஆனால் உலர்ந்தபின் சுருளுக்குள் தங்கும் உப்பு, ஒவ்வொரு மாலையும் கடற்காற்றிலிருந்து ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். செம்பில் பச்சை பூத்து, கம்பி அறும்வரை அது ஓயாது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளைச் சூழ்ந்தபோது மூழ்கியவை வேறு வகையில் கெட்டன: அது நல்ல நீர், ஆனால் வண்டல் பேரிங்குகளில் புகுந்து இறுகியது. பேரிங்கை மாற்றி, வண்டலைக் கழுவி எடுத்தால் சுருள்கள் பெரும்பாலும் பிழைத்தன.

மூழ்காத பொறிக்கும் உப்புக் காற்று எதிரியே. அலுமினிய வார்ப்பில் பூச்சு பெயர்ந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூக்கும். 1936-இல் ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்த ஹூவர் 150 போன்ற மக்னீசியக் கலப்பு உடல்களில் அது இன்னும் விரைந்து பரவும். பேக்கலைட் பகுதிகள் அரிபடா. நிறம் மட்டும் மங்கும். பலரும் செய்வதுபோல் பாலித்தீன் உறையிட்டுக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்தால், ஈரம் உள்ளேயே அடைபட்டு அரிமானம் கூடுகிறது. மாதம் இருமுறையேனும் சில நிமிடம் ஓட்டப்படும் பொறியில் மோட்டாரின் சூடு சுருளின் ஈரத்தை வெளியேற்றுகிறது, பேரிங்கின் கிரீஸ் ஓரிடத்தில் தேங்காது பரவுகிறது, கம்யூட்டேட்டரின் மேல் பச்சை பூக்க இடமின்றிப் போகிறது. இக்கடற்கரையில் பழைய பொறியைக் காக்கும் வழி அதை ஓட்டுவதே என்னும் துணிபு இக்கட்டுரையாளருக்கு உறுதிப்பட்டது, ஒரே காலத்தில் வாங்கிய பொறிகளுள் ஓடியவையும் காட்சிக்கு வைத்தவையும் பிற்காலத்தில் மெக்கரில் காட்டிய வேறுபாட்டால்தான்.

ஓட்டுவதற்குக் கம்பளம் வேண்டும். அது எங்கே என்று கேட்போருக்கு விடை உண்டு. தேவாலயப் பீடத்துப் படிகளிலும், பள்ளிவாசலின் தொழுகை விரிப்புகளிலும், ஒலிப்பதிவுக் கூடங்களிலும், சிறு திரையரங்குகளிலும் அப்ரைட் பொறிக்கு இன்றும் உண்மையான வேலை இருக்கிறது. வீட்டில் கனத்த காஷ்மீர விரிப்பு ஒன்று போதும். பவானி ஜமக்காளத்தின்மேல் இதைத் தள்ளுவது தகாது. தட்டையான நெசவாதலால் விரிப்பு முழுதும் எழும்பிப் பொறியின் வாயில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்துக் குஞ்சத்தைக் குறுக்கே கடந்தால் பிரஷ் உருளை அதைச் சுற்றி இழுத்துக்கொள்ளும் என்பதால், நடுவிலிருந்து குஞ்சத்தை நோக்கித் தள்ளி, விளிம்புக்கு முன்பே கைப்பிடியை அழுத்தி முன்பக்கத்தை உயர்த்திவிட வேண்டும். பெல்ட் இங்குள்ள வெப்பத்தில் விரைவில் தளரும். பொறியை நிறுத்திவைக்கும் நாள்களில் பெல்ட்டைக் கழற்றி, பவுடர் தூவி, இருளில் வைப்பது நன்று. அகலச் சைக்கிள் டியூபிலிருந்து வளையமாக வெட்டிய பெல்ட் ஓடுகிறதா என்று பார்ப்பதற்கு உதவும், நாள்பட நிற்காது. பையைப் பொறுத்தவரை, மூலப் பை கிழிந்துபோயிருப்பின் நெருக்கமான நெசவுள்ள டிரில் துணியில் உள்தையல் வெளியே தெரியாதபடி இரட்டைத் தையல் போட்டுத் தரும் தையற்காரர்கள் திருக்கழுக்குன்றத்திலும் செங்கல்பட்டிலும் இருக்கிறார்கள். காடாத் துணி மெல்லியது, தூசியை அறைக்குள்ளேயே திருப்பி விட்டுவிடும். பையைக் கொட்டுவது வீட்டுக்கு வெளியே, காற்று வீசும் திசைக்குப் புறங்காட்டி, மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு.

உதிரிப் பொருள் தேடுவதில் கடந்த சில ஆண்டுகளில் நிலை பெரிதும் மாறியுள்ளது. இலண்டனுக்கு மேற்கே பெரிவேலில் 1930-களில் எழுந்த ஹூவர் ஆலை 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதன் வளாகம் இன்று குடியிருப்பாகவும் பேரங்காடியாகவும் நிற்கிறது. ஆயினும் அங்கே செய்த ஜூனியர் பொறிகளுக்கான பெல்ட்டும் பிரஷ்ஷும் பிரிட்டனில் இன்னும் விற்கப்படுவதால், விடுமுறைக்கு ஊர் வரும் உறவினர் பெட்டியில் அவற்றை வரவழைப்பது எளிது. உடைந்த பிளாஸ்டிக் விசிறிக்கு மாற்றாக முப்பரிமாண அச்சுப்பொறியில் செய்துபார்க்கும் இளைஞர்கள் மறைமலைநகர்ப் பக்கம் உருவாகியிருக்கிறார்கள். மிதவேகத்தில் சுழலும் பிரஷ் முனை மூடிகளுக்கு அது பொருத்தமாயினும், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் விசிறிக்கு அச்சிட்ட பகுதியை இப்போதைக்கு இக்கட்டுரையாளர் பரிந்துரைக்கமாட்டார். தெறித்தால் கால் எலும்பு தாங்காது.

ஒவ்வொரு பொறியின் கைப்பிடியிலும் ஓர் அட்டையைக் கட்டிவைப்பது நல்ல வழக்கம்: வோல்ட் அளவு, ஒயர் மாற்றிய ஆண்டு, எந்தக் கம்பி எங்கே இணைந்துள்ளது, கார்பன் பிரஷ்ஷின் நீள அகலக் கனம், பெல்ட்டின் சுற்றளவு, கடைசியாக மெக்கரில் வந்த அளவு, ஆர்மேச்சர் கட்டப்பட்டிருந்தால் சுற்று எண்ணிக்கையும் கம்பி கேஜும். பென்சிலால் எழுதினால் ஈரத்தில் கலையாது. தொழிற்பயிற்சி நிலைய மாணவர் ஒருவர் கையில் அந்தப் பொறியையும் அட்டையையும் ஸ்க்ரூடிரைவரையும் சேர்த்துக் கொடுத்தால், அரைநாளில் அவர் அதைத் திறந்து, மூடி, ஓட்டிக்காட்டுவார்; அட்டை இல்லாத பொறியில் அந்த அரைநாள் அளவெடுப்பதிலேயே கழிந்துவிடும்.